படம் பார்ப்பதற்கும் ஒரு படிப்பா?

(நமது பள்ளிப் பரிசளிப்பு விழாவில் பெற்றோர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மேடை ஏறியதும் ஒரு குறளைச் சொல்லித் தொடங்குவது நம் வழக்கம். நான் இன்று ஒரு பெண் என்னிடம் கேட்ட கேள்வியைச் சொல்லித் தொடங்குகிறேன். பொறுத்தருள வேண்டுகிறேன்.

இதே பள்ளியில் ஆறாண்டு படித்தவள் அவள். இப்போது பட்டணத்தில் ஆறாம் படிவம் படிக்கிறாள். அப்பா செம்பனைக் குலை அறுப்பவர். அம்மா உரம் போடும் வேலை. பெயரைச் சொல்ல மாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். அப்பாதான் முதலில் பேசினார்.

"வாத்தியாரே, நீங்களே கேளுங்க. கணக்கியல் படிம்மான்னேன், தாதி வேலைக்குப் படின்னேன். கேக்க மாட்டேங்குது. கலைவரலாறு படிக்கணுமாம். படம் பாக்குறதுக்கும் ஒரு படிப்பா?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: "ஐயா, அந்தப் படிப்பைப் படிக்கிறவங்க திருப்தியா இருக்காங்களா? அதை மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க. இல்லேன்னா நான் அப்பா சொல்றதையே படிக்கிறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பட்டதாரி அல்லன். பயிற்சிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு இந்தத் தோட்டத்துக்கு வந்தவன். என்னை நம்பி ஒரு பெண் தன் எதிர்காலத்தையே வைத்துவிட்டாள். "ஒரு வாரம் பொறும்மா" என்றேன். அந்த ஒரு வாரம் இரண்டு மாதமாகிவிட்டது. நூலகத்திலும் கைப்பேசியிலும் தேடித் தேடிப் படித்தேன். அப்படி நான் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். உங்கள் வீட்டிலும் நாளைக்கு ஒரு பிள்ளை, நீங்கள் கேள்விப்படாத ஒரு படிப்பைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்கலாம் அல்லவா?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். கலைவரலாறு என்பது படம் வரையக் கற்றுக்கொடுக்கும் படிப்பு அன்று. மனிதர் செய்து வைத்த ஓவியம், சிலை, கட்டடம் ஆகியவற்றைப் பார்த்து, இதை யார் செய்தார், யாருக்காகச் செய்தார், ஏன் இப்படிச் செய்தார் என்று ஆராயும் படிப்பு. வரையலாம் என்று எண்ணிச் சேருகிறவர் ஏமாந்துதான் போவார். நம் பெண் நன்றாக வரைபவள் அல்லள். ஆனால் நன்றாகப் பார்ப்பவள்.

இங்கிலாந்தில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1869இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், லண்டன் ஆகிய மூன்று இடங்களிலும் நுண்கலைக்கென்று பேராசிரியர் பதவிகள் ஏற்பட்டன. ஆக்ஸ்போர்டில் அந்தப் பதவியை முதலில் வகித்தவர் ஜான் ரஸ்கின். 1932இல் லண்டனில் கோர்ட்டால்ட் கலை நிறுவனம் தோன்றியது. பாடம் படிக்கும் இடமும் ஓவியக் கூடமும் ஒரே பெயரில் இயங்கும் நிறுவனம் அது.

அந்தக் கூடத்தில் பிரெஞ்சு ஓவியர் மானே 1882இல் வரைந்த ஒரு படம் இருக்கிறது. மதுக்கடையில் ஒரு பெண் நிற்கிறாள். முன்னால் சலவைக்கல் மேசை, புட்டிகள், ஒரு கிண்ணத்தில் ஆரஞ்சுப் பழங்கள். பின்னால் பெரிய கண்ணாடி. பார்த்த மாத்திரத்தில் அவ்வளவுதான். ஆனால் நின்று பாருங்கள். கண்ணாடியில் தெரியும் அவள் உருவம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, வலப்பக்கம் தள்ளிப் போயிருக்கிறது. கண்ணாடியில் மட்டும் ஓர் ஆள் அவள் எதிரே நிற்கிறான். மேலே இடது மூலையில் பச்சைக் காலணி போட்ட இரண்டு கால்கள் தொங்குகின்றன. அவை ஊஞ்சலில் வித்தை காட்டும் ஒருத்தியின் கால்கள். ஊரே வேடிக்கை பார்க்கிற இடத்தில், வேலை செய்கிற பெண்ணின் முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை. ஏன்? அந்த ஏனுக்கு விடை தேடுவதுதான் பாடம். சம்பளத்துக்கு நின்றுகொண்டு வேலை பார்க்கும் மனிதரின் முகம் நமக்கா புதிது?

சரி, இதைப் படிப்பவர்கள் மனநிறைவாக இருக்கிறார்களா?

பிரிட்டனில் 2005ஆம் ஆண்டு முதல் தேசிய மாணவர் கருத்தாய்வு என்று ஒன்று நடத்துகிறார்கள். பட்டப்படிப்பின் கடைசி ஆண்டு மாணவர்களிடம், எல்லாப் பாடங்களிலும், ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். பாடம் எப்படி நடத்தினார்கள், கட்டுரையைத் திருத்திக் காரணம் சொன்னார்களா, நூலகம் எப்படி என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, மொத்தத்தில் நிறைவுதானா என்றும் கேட்பார்கள். 2020இல் எல்லாப் பாடங்களையும் சேர்த்து நூற்றுக்கு 83 பேர் நிறைவு என்றார்கள். 2021இல் அது 75ஆக இறங்கியது. 2022இல் 76.

இதைப் படித்ததும், "ஆகா, விடை கிடைத்துவிட்டது, நூற்றுக்கு எண்பது பேர் திருப்தி" என்று பெண்ணிடம் ஓடிச் சொல்ல எண்ணினேன். நல்ல வேளை, ஓடவில்லை. மேலும் படித்தபோதுதான் அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது விளங்கியது.

கலைவரலாறு பெரும்பாலும் சிறிய துறை. ஒரு பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டில் 12 பேர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மனம் மாறினால் 8 விழுக்காடு ஏறும் அல்லது இறங்கும். இது நமக்குப் பழகிய கதைதானே! யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நிறுத்தப்படுவதற்கு முன்னால், ஒவ்வோர் ஆண்டும் தோட்டப் பள்ளிகளின் தேர்ச்சி விழுக்காட்டைப் பார்த்து எத்தனை பேர் உதட்டைப் பிதுக்கினார்கள்! ஒன்பது பேர் எழுதுகிற பள்ளியில் ஒரு பிள்ளை காய்ச்சலில் படுத்தால் 11 விழுக்காடு போய்விடும். அந்தக் காய்ச்சல் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

மாணவர்களே விடை சொல்ல மறுத்ததும் உண்டு. கருத்தாய்வைக் கட்டண உயர்வோடு சேர்த்து முடிச்சுப் போடுகிறார்கள் என்று மாணவர் சங்கம் எதிர்த்தது. 2017இல் பலர் புறக்கணித்தார்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உட்பட 12 கல்வி நிலையங்களுக்குப் போதிய விடைகள் சேராததால் அந்த ஆண்டு முடிவே வெளியாகவில்லை. பிறகு 2023இல் கேள்வித்தாளையே மாற்றினார்கள். மொத்தத்தில் நிறைவா என்ற கேள்வியை இங்கிலாந்தில் எடுத்துவிட்டார்கள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் மட்டும் வைத்திருக்கிறார்கள். நம் பெண் என்னிடம் கேட்ட கேள்வியை இங்கிலாந்திலேயே இப்போது அந்தக் கருத்தாய்வு கேட்பதில்லை!

ஆனால் அந்த எண்களுக்குள் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. அவை கலைவரலாற்றுக்கும் பொருந்தும், நம் பள்ளிக்கும் பொருந்தும்.

முதலாவது, 2021இல் நிறைவு ஏன் இறங்கியது? கோவிட் தொற்றுக் காலம் அது. வகுப்பறை மூடியது, நூலகம் மூடியது. எல்லா மாணவருக்கும் அது இழப்புதான். கலைவரலாற்று மாணவருக்கோ காட்சிக்கூடமும் மூடியது. அவருடைய பாடப் பொருளே பூட்டுக்குள் போய்விட்டது. மூன்று ஆள் உயரமுள்ள சிலையையும் கட்டைவிரல் அளவு நாணயத்தையும் ஒரே அளவில் திரையில் பார்த்துப் படிப்பதை எப்படிப் படிப்பு என்பது? பொருளுக்கு முன்னால் நிற்க வைத்தால்தான் இந்தப் படிப்பில் நிறைவு.

இரண்டாவது எனக்கே சூடு போட்டது. தொடக்க ஆண்டுகளிலிருந்தே அந்தக் கருத்தாய்வில் மாணவர்கள் அதிகம் குறைசொல்லி வரும் பகுதிகளில் ஒன்று எது தெரியுமா? ஆசிரியர் நன்றாக விளக்குகிறார் என்று பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் எழுதிக் கொடுத்த கட்டுரையைக் காலத்தோடு திருத்தி, எங்கே தவறு என்று சொல்வதில்லை என்பதுதான் குறை. இதைப் படித்த இரவு என் மேசையைத் திரும்பிப் பார்த்தேன். ஐந்தாம் ஆண்டுக் கட்டுரை நோட்டுகள் அடுக்கியபடியே இருந்தன. மூன்று வாரம்! பிள்ளை எழுதியது மறந்தே போயிருக்கும். சிவப்பு மையால் ஒரு குறி போட்டு, ஒரு கையெழுத்தும் போட்டுத் திருப்பிக் கொடுத்தால் யாருக்கு நிறைவு வரும்? லண்டன் ஆனாலும் தோட்டமானாலும் பிள்ளைக்கு வேண்டியது, தான் எழுதியதை ஒருவர் படித்தார் என்ற எண்ணந்தான். இப்போது ஒரு வாரத்துக்குள் கொடுத்துவிடுகிறேன். கொடுக்காவிட்டால் தாய்மார்கள் என்னை வழியில் நிறுத்திக் கேட்கலாம்.

அடுத்து, அப்பாமார்கள் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். சோறு போடுமா?

இந்தக் கேள்வியை அமெரிக்க அதிபரே கேட்டுவிட்டு அகப்பட்டுக்கொண்டார். 2014 ஜனவரியில் ஒபாமா ஒரு தொழிற்சாலைக் கூட்டத்தில் பேசும்போது, கைத்தொழில் கற்றவர்கள் கலைவரலாற்றுப் பட்டம் வாங்கியவர்களைவிட அதிகம் சம்பாதிக்கலாம் என்ற கருத்தில் ஒரு வார்த்தை விட்டார். கலைவரலாறு கற்பிக்கும் பெண்மணி ஒருவர் அவருக்கு எழுதினார். அதிபர் தம் கைப்படவே மன்னிப்புக் கடிதம் எழுதி அனுப்பினார். பள்ளி நாளில் தமக்கு மிகவும் பிடித்த பாடங்களில் அதுவும் ஒன்று என்றும் அதில் ஒப்புக்கொண்டார்.

அதற்காக அவர் சொன்ன கணக்கு முழுக்கப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அருங்காட்சியக வேலைகள் குறைவு, போட்டி அதிகம். சம்பளமில்லாமல் சில காலம் பழகினால்தான் உள்ளே நுழைய முடியும் என்ற நிலையும் பல இடங்களில் இருந்து வந்திருக்கிறது. சம்பளமில்லாமல் யாரால் இருக்க முடியும்? வீட்டில் வசதியுள்ளவரால் முடியும். கட்டணமும் ஏறிக்கொண்டே போனது. இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவர்களுக்கு 1998இல் ஆண்டுக்கு 1,000 பவுன். 2006இல் 3,000. 2012இல் 9,000. 2017இல் 9,250. வெளிநாட்டு மாணவர்களுக்கு இதைவிட அதிகம். கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது என்று மாணவர் கேட்பது நியாயந்தானே?

இது பணக்காரர் படிப்பு என்ற பேச்சும் அங்கே உண்டு. வேல்ஸ் இளவரசி கேத்தரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் 2005இல் பட்டம் பெற்றது இந்தப் பாடத்தில்தான். இளவரசர் வில்லியமும் முதலில் இதில்தான் சேர்ந்தார். பிறகு புவியியலுக்கு மாறிக்கொண்டார். பெரும்பாலான அரசாங்கப் பள்ளிகளில் பல்கலைக்கழகத்துக்கு முந்திய நிலையில் இந்தப் பாடமே இல்லை. 2016 அக்டோபரில், அந்தத் தேர்வை நடத்தி வந்த வாரியம் இனி நடத்துவதில்லை என்று அறிவித்தது. கலைஞர்களும் ஆசிரியர்களும் கொதித்தெழுந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் வேறொரு வாரியம் முன்வந்தது. 2017 செப்டம்பரில் புதிய பாடத்திட்டம் தொடங்கியது. வேண்டாத படிப்பு என்றால் இத்தனை பேர் எதற்காகக் குரல் கொடுத்திருக்கப் போகிறார்கள்?

இந்தப் படிப்பால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. தமிழ்நாட்டில் அரியலூர் பக்கம் ஸ்ரீபுரந்தான் என்ற ஊர்க் கோயிலில் இருந்த சோழர் கால நடராசர் சிலை களவு போனது. அது கடல் கடந்து போய், 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் காட்சிக்கூடத்தில் பல லட்சம் டாலருக்கு விலையாகிவிட்டது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்திருந்த பழைய புகைப்படங்களில் இந்தச் சிலையும் இருந்தது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதே சிலை! 2014 செப்டம்பரில் நடராசர் இந்தியாவுக்குத் திரும்பினார். இரண்டு படத்தை அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது கலைவரலாற்று மாணவருக்கு முதல் ஆண்டிலேயே கொடுக்கும் பயிற்சி. நூறு ஆண்டுகளுக்கு முன்பே சுவிட்சர்லாந்துக்காரரான வொல்ஃப்லின் என்ற பேராசிரியர் வகுப்பில் இரண்டு படங்களை ஒரே நேரத்தில் திரையில் காட்டிப் பாடம் நடத்திப் புகழ் பெற்றார். படம் பார்க்கத் தெரிந்தவர் இல்லையென்றால் அந்த நடராசர் இன்னமும் கான்பராவில்தான் ஆடிக்கொண்டிருப்பார்.

நம்மவர் ஒருவரையும் நினைவுகூர வேண்டும். 1877இல் கொழும்பில் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்த ஆனந்த குமாரசுவாமி அவர்கள் லண்டனில் படித்தது மண்ணியல். ஆனால் மனம் போனது கலையில். 1917 முதல் 1947இல் மறையும் வரை அமெரிக்காவில் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணிபுரிந்தார். நடராசர் உருவத்தின் பொருளை மேல்நாட்டாருக்கு எடுத்துச் சொன்னவர்களில் அவர் தலையானவர்.

இத்தனையையும் குறித்துக்கொண்டு அப்பாவையும் மகளையும் வரச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்ட அப்பா ஒரே வார்த்தையில் முடித்தார்: "எல்லாம் சரி வாத்தியாரே, அந்தக் கடனை யாரு கட்டுறது?"

என்னிடம் பதில் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், இன்றைக்கும் இல்லை. அப்போதுதான் ஒன்று மனத்தில் பட்டது. அந்தக் கருத்தாய்வு யாரைக் கேட்கிறது? சேர்ந்து, கடைசி ஆண்டு வரை நிலைத்தவர்களைக் கேட்கிறது. பாதியில் விட்டுப் போனவர்களைக் கேட்பதில்லை. ஆசைப்பட்டும் சேர முடியாமல் போனவர்களையும் அது கேட்பதில்லை. உனக்குத் திருப்தியா என்ற கேள்வி வாசலுக்கு உள்ளே இருப்பவர்களுக்குத்தான். நம் பிள்ளைகள் பலர் வாசலுக்கு வெளியே.

வாசலுக்கு வெளியே நிறுத்தியவர்களில் நானும் ஒருவன். அந்தப் பெண் நாலாம் ஆண்டு படிக்கும்போது, தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பழைய உருவத்துக்கும் புதிதாக வைத்த சுதையுருவத்துக்கும் கையில் உள்ள பொருள்கள் மாறியிருக்கின்றனவே, ஏன் என்று என்னைக் கேட்டாள். "பேசாமல் கும்பிடு" என்றேன். நல்ல கேள்வி, எனக்கு விடை தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளுக்கு அது மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை.

அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் மகளையும் காரில் ஏற்றிக்கொண்டு கெடா மாநிலத்து மெர்போக்குக்குப் போனேன். பூஜாங் பள்ளத்தாக்கு நம் நாட்டிலேயே உள்ளது. கடல் வாணிகம் நடந்த காலத்துக் கோயில் அடித்தளங்கள் அங்கே கிடக்கின்றன. புக்கிட் பத்து பாஹாட் கோயிலின் அடித்தளத்தை 1959, 1960ஆம் ஆண்டுகளில் சீர்செய்தார்கள். 1980இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். பெண் ஒவ்வொரு கல்லாக நின்று பார்த்தாள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றவர், சற்று நேரத்தில் குனிந்தார். தூண் நின்ற கற்களைத் தொட்டுப் பார்த்தார்.

"இது மரத்தூணுக்குப் போட்ட கல்லு. கீழே கல்லு, மேலே மரம். கூரை ஓலையோ என்னமோ. அதான் மேலே ஒண்ணும் மிஞ்சலே" என்றார்.

மரத்தூண் நிறுத்திக் கூரை போட்டிருக்க வேண்டும் என்பதுதான் ஆய்வாளர்களின் கருத்தும். நான் அதை எடுத்துச் சொன்னேன். மகள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "எப்படிப்பா தெரிஞ்சுது?" என்றாள்.

"எத்தனை கொட்டகை போட்டிருக்கேன்! பாத்தாத் தெரியாதா?"

தோழர்களே, பாத்தால் தெரிவதற்கு அவருக்கு இருபது ஆண்டு ஆயிற்று. கீழே விழுந்த உதிரிப் பழத்தைப் பார்த்துக் குலை பழுத்ததா என்று சொல்கிறார். அந்தக் காலத்தில் பால் வெட்டிய நம் பாட்டிமார்கள் பட்டையைப் பார்த்து எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்று சொன்னார்கள். பார்ப்பதும் ஒரு படிப்புதான். நமக்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

வீடு திரும்பும் வழியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இங்கிலாந்து இப்போது வேண்டாம். உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பாடத்துக்கு முதல் விண்ணப்பம், கணக்கியலுக்கு அடுத்தது. உபகாரச் சம்பளம் கிடைத்தால் கலைவரலாற்றை மேற்படிப்பாகப் பார்த்துக்கொள்ளலாம். அப்பா விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். இடம் கிடைக்குமா என்பது இன்னும் தெரியவில்லை.

பெற்றோர்களே, அன்று கேட்டவர்களுக்கும் இன்று இம்மலரில் படிப்பவர்களுக்கும் நான் வேண்டிக்கொள்வது இதுதான். பிள்ளை ஒரு புதுப் படிப்பைச் சொன்னால், சிரித்து மூடிவிடாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். அங்கே பாடப் பொருளைக் கண்ணால் பார்க்கவும் கையால் செய்யவும் விடுவார்களா? எழுதியதைப் படித்துத் திருத்தும் ஆசிரியர் உண்டா? படித்து முடித்தபின் முதல் இரண்டாண்டு எப்படிச் சாப்பிடுவது? மூன்றாவது கேள்வியைக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் அதை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள்.

படிப்பு முடிந்தபின் உனக்குத் திருப்தியா என்று கேட்க ஒரு நாட்டில் கருத்தாய்வு வைத்திருக்கிறார்கள். படிப்பு தொடங்குமுன் உனக்கு எதில் விருப்பம் என்று கேட்க நாம்தான் இருக்கிறோம். இன்று இரவு வீட்டுக்குப் போனதும், பரிசு வாங்கிய பிள்ளையையும் வாங்காத பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். விடை சொல்ல நேரம் கொடுங்கள்.